ஆற்றங்கரை ரோட்டில் நான் ஒதுங்காத நாள்

போன வருடம் குறுவை அறுவடையின்போது, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் களத்தில்தான் அந்த ஆசை எனக்குள் புகுந்தது. கூலிப் பேச்சு முறிந்து, நெல் ஏற்றிய லாரியை மறித்து எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. மிராசுதார் குதிகுதியென்று குதித்தார். லாரி டிரைவரோ இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

"ஆளு மேலயா ஏத்தச் சொல்றீங்க? பேசி முடிங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

என் அப்பாவை 'டேய்' என்று கூப்பிடும் அதே மிராசுதார், "கொஞ்சம் இருங்க டிரைவர்" என்று பின்னாலேயே போனார். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு இரண்டு வருடமாக நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தவன் நான். அன்றே முடிவு செய்துவிட்டேன்: ஹெவி லைசென்ஸ்!

தஞ்சாவூரில் எனக்குக் கற்றுக்கொடுக்க வந்தவன், பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்து, எட்டாவதில் கோட்டைவிட்டு ஓடிப்போனவன். அவனுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

"அண்ணே, நீ கணக்குல புலி. ஆனா கிளட்சுக்குக் கணக்குத் தெரியாது. காலால யோசி!"

காலும் யோசித்தது, கையும் பழகியது. ஒரு லாரி முதலாளி, தீபாவளிக்குள் லைசென்ஸோடு வந்தால் தன் வண்டியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். தவறினால் வேறு ஆள். எனக்கோ மறுபடி மிராசுதார் பண்ணைதான். லாரியை மறித்தவன் அங்கே எந்த முகத்தோடு போய் நிற்பது?

டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பு ஆற்றங்கரை ரோட்டில் பழகிக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் ஒற்றை வண்டி அகலத்துக்குத் தார். எதிரே, ஏதோ வேலையாகத் தஞ்சாவூருக்கு வந்திருந்த எங்கள் மிராசுதாரின் கார். அவ்வளவுதான், என் கை தானாக இடது பக்கம் ஒடித்தது. அந்தக் காரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி நிற்பது எங்கள் தெருப் பழக்கம். நான் லாரியோடு இறங்கிவிட்டேன்! ஐப்பசி மழையில் ஊறிய கரை உள்வாங்கி, வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்து நின்றது. கார் நிற்காமல் போய்விட்டது.

பக்கத்து வயலில் இரண்டாம் போகத் தாளடி நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வைக்கோலும் மட்டையுமாக ஓடி வந்தார்கள்.

"ஏந்தம்பி, லாரியக் குளிப்பாட்டவா கொண்டாந்தே?" என்றார் ஒரு அக்கா.

"ஐயா காருக்குக் கும்புடு போட்டுச்சுக்கா, வண்டி" என்றான் என் வாத்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சக்கரத்துக்கு அடியில் வைக்கோல் திணித்து வண்டியை ஏற்றிய பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, உள்ள நீ மட்டுமா இருக்கே? இது சாஞ்சா நானும்ல போவேன்."

அது உறைத்தது. என் பணிவு இன்னொருவன் உயிரையும் சேர்த்து வாய்க்காலில் தள்ளப் பார்த்திருக்கிறது.

டெஸ்ட் நாள் வந்தது. ஓட்டிக் காட்டச் சொல்லி லைசென்ஸ் தருகிற பிரேக் இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிவர்ஸ், கை சிக்னல் எல்லாம் சரியாக வந்தன. பிறகு, "ஆத்தங்கரையில விடு" என்றார். பாதி வழியில், கட்சிக்கொடி பறக்க ஒரு கார் ஹாரனை அலறவிட்டபடி வந்தது. ஆளுங்கட்சிக் கொடி. என் கை மறுபடி இடது பக்கம் ஒடிக்கப் போனது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, நாலு சக்கரமும் தாரில் இருக்கும்படி நிறுத்தினேன்.

காரிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி தலையை நீட்டியது. "யோவ், யார் வண்டின்னு தெரியுதா?"

"தெரியலைங்க. ரோடு இவ்வளவுதாங்க இருக்கு. உங்களுக்குப் பின்னால மதகடியில எடம் இருக்குங்க."

கார் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு மெல்லப் பின்வாங்கி மதகடியில் ஒதுங்கியது. நான் கடந்து போகும்போது கை காட்டி நன்றி சொன்னேன்.

"ஏன்யா கீழ எறக்கல?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"கரை ஊறியிருக்கு சார். எறக்கினா நீங்களும் நானும் வாய்க்கால்லதான்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து தாளில் 'பாஸ்' என்று எழுதினார். ஆபீஸ் வாசலில் என் வாத்தியார் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது!

அடுத்த வாரம் அந்த முதலாளியின் லாரியில் பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் லோடோடு பம்பாய் போகிறேன், இரண்டாவது டிரைவராக. வழியில் மலைப்பாதை உண்டாம். பிறந்ததிலிருந்து நான் ஏறிய பெரிய மேடு ஆற்றுப் பாலம்தான். மலையில், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். யாருக்கு யார் ஒதுங்குவது என்பதைப் பாதையின் மேடுபள்ளம் மட்டுமே முடிவு செய்கிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்றால், அதை நானே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.