ஒரே எண்ணில் இரண்டு உறைகள்

எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டாள் என்பதால், ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர் விழுந்திருந்தது. பதினாறு வருடமாக அங்கே டெக்னீஷியன். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து நோயாளிகள் பதிவு வரை முழுசாக ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, வீட்டு பீரோவில் தலையணை உறைகளுக்கு நடுவே வைப்பாள். "நகைய வைக்கிற இடத்துல இதையா வைக்கிற?" என்று கணவன் கிண்டல் செய்வான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் துடித்தது. வெளியே வெறும் வயிற்றோடு பதினைந்து பேர். அவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி டிஸ்கை எடுத்து வந்தாள். பென் டிரைவில் மெஷினைத் துவக்கி, சனிக்கிழமை நகலைத் தேர்ந்தெடுத்தாள். எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்று கேட்டபோது இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள். ஐம்பது நிமிடத்தில் எல்லாம் பழையபடி வந்து நின்றது. முதலாளி டாக்டர் கைகூப்பாத குறை. அவளுக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு, காலையில் ரத்தம் கொடுத்த பஸ் டிரைவர் ஒருவர் வந்து எழுநூற்று நாலாம் எண் உறையை வாங்கிப் பிரித்தார். படித்தவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"கிட்னி போயிடுச்சாம்மா எனக்கு?" தாளை நீட்டினார். "நேத்து வரைக்கும் வண்டி ஓட்டினேனே."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பெண் பெயர். வயது எழுபத்தொன்று. தேதி திங்கட்கிழமை.

"இது உங்களுது இல்லங்க. பயப்படாதீங்க," என்றாள். சொல்லும்போதே நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை நகலுக்குத் திங்கட்கிழமை என்ற ஒன்றே தெரியாது. அது விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்து, திங்களன்று கொடுத்த எண்களையே இன்று வந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறது. உறைமேல் எண் மட்டும்தான் எழுதுவார்கள்.

"இவரோட உறை எங்க?"

வரவேற்பில் இருந்த பெண் வெளிறிப் போனாள். "ஒன்றரை மணிக்கு ஒரு அம்மாவோட மக வந்து, எழுநூத்தி நாலுன்னு கேட்டாங்கக்கா. மேல இருந்தத எடுத்துக் குடுத்துட்டேன். நார்மல்னு பாத்து சந்தோஷமா போனாங்க."

டிரைவர்தான் முதலில் பேசினார். "அப்ப அந்தம்மாவுக்குத் தெரியாதா?"

அவள் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தேடினாள். இல்லை. மறுபடியும் தேடினாள். திங்களன்று பதிந்த போன் நம்பர், விலாசம் எல்லாவற்றையும் காலையில் அவள் கையாலேயே துடைத்திருந்தாள். தாளின் அடியில் அனுப்பிய டாக்டரின் பெயர் இருந்தது. அவர் கிளினிக்குக்கு நாலு முறை போன் அடித்த பிறகு விலாசம் கிடைத்தது.

"நான் கொண்டுபோய் விடறேன், ஏறுங்க," என்று டிரைவர் தன் பைக்கைக் கிளப்பினார்.

மகள் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். "அம்மா தூங்குறாங்க. ரெண்டு நாளா வாந்தி, சோர்வு. வயசுதான் காரணம்னு விட்டுட்டோம்."

அவள் தாளை நீட்டினாள். "நாங்க மாத்திக் குடுத்துட்டோம். இதுதான் அம்மாவோடது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மகள் திட்டவில்லை. தாளையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலமே அம்மாவைச் சேர்த்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். "மெஷின் பண்ணின தப்புக்கு நீ என்ன பண்ணுவ?" என்றார் முதலாளி. அவள் திங்கட்கிழமைப் பதிவுகளை டாக்டர்கள் கொடுத்தனுப்பிய சீட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றி, பழைய எண் திரும்ப வராதபடி அடுத்த எண்ணை ஆயிரத்துக்குத் தள்ளி வைத்தாள். உறைமேல் இனிப் பெயரும் வேண்டும் என்று எழுதி ஒட்டினாள்.

மறுநாள் டிரைவர், மறுபடி அச்சடித்து வைத்திருந்த தன் ரிப்போர்ட்டுக்கு வந்தார். உறையை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"பேர நீங்களே சத்தமா படிங்கம்மா. அப்புறம் பிரிக்கலாம்."

அவள் படித்தாள்.