கரைக்கு இறக்கிய வீடியோ

நான். என் மனைவி. கிண்ணியாவில் இருந்து வரும் என் தொழில் கூட்டாளி. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, அவரை நானா என்று கூப்பிடுவேன். பட்டினத்தில் இன்டர்நெட் கடை வைத்திருந்த தங்கச்சி. அன்று திருகோணமலையில் எங்கள் கரையில் நின்ற ஆட்கள் இவ்வளவுதான். சண்டை முடிவதற்கு முந்தின வருடம்.

நானாவும் நானும் பங்குக்கு ஒரு படகு வைத்திருந்தோம். அதன் இஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் இழுக்கிற ரப்பர் சில்லு தேய்ந்துபோயிருந்தது. புதுச் சில்லை நானா எடுப்பித்துவிட்டார். பூட்ட ஆளில்லை. வழக்கமாகத் திருத்துகிறவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். நாங்களே போல்ட்டுகளைக் கழற்றினோம். சில்லு இருப்பது இஞ்சினின் காலுக்குள், தண்ணீரில் நிற்கிற கீழ்ப்பகுதியில். அந்தக் கால் கழன்று வரவில்லை. சுத்தியலால் அடித்தால் உடையும். உடைந்தால் வேறு இஞ்சின் வாங்க இரண்டு வீட்டுக்கும் வழியில்லை.

தங்கச்சி தேடிப் பார்த்தாள். அதே இஞ்சினை ஒருவர் கழற்றிப் பூட்டும் வீடியோ இருந்தது. கடையில் பார்த்தோம். ஓடும், நிற்கும், சுற்றும். பார்த்ததைக் கரைக்கு வருமுன் மறந்துவிட்டோம். இஞ்சினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகவும் ஏலாது. வழியில் உள்ள ஒவ்வொரு சென்றியிலும் ஆமி மறிக்கும், பதில் சொல்ல வேண்டும்.

“அப்ப நான் அந்த ஆளைக் கரைக்குக் கொண்டு வாறன், அண்ணை” என்றாள் தங்கச்சி.

கரையில் இன்டர்நெட் இல்லை. அதனால் வீடியோவைத் தன் மடிக்கணினியில் சேமித்துக்கொண்டு வந்தாள். திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். சேமித்தது வீடியோவை அல்ல, அது இருக்கிற விலாசத்தை.

“விலாசத்த வச்சு இஞ்சினக் கழட்டலாமா தங்கச்சி?” என்றார் நானா.

“சிரிக்காதைங்கோ நானா. நாளைக்கு ஆளோட வாறன்.”

மறுநாள் கடை திறந்த கையோடு வீடியோவைப் போட்டுவிட்டு, கீழே ஓடுகிற கோடு முழுதும் நிரம்பும்வரை காத்திருந்தாளாம். நடுவில் கரண்ட் போய், திரும்பவும் முதலில் இருந்து. நிரம்பியதும் முழுவதையும் கணினிக்குள் இறக்கி, இன்டர்நெட் வயரைக் கழற்றிவிட்டு ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் வந்தாள்.

கரையில் நல்ல வெயில். திரையில் ஒன்றும் தெரியவில்லை. மனைவி வீட்டில் இருந்து போர்வை எடுத்து வந்தாள். இரண்டு பெண்களும் கணினியோடு அதற்குள் புகுந்துவிட்டார்கள். எங்கள் கை முழுக்கக் கிறீஸ், எங்களை உள்ளே விடவில்லை. குரல் மட்டும் வெளியே வந்தது.

“பின்னால மீன்ர செட்டை மாதிரிச் சின்னச் செட்டை ஒண்டு இருக்கு. அதைக் கழட்டுறார்” என்றாள் மனைவி.

“அது சும்மா கிடக்கிற செட்டை” என்றேன்.

“உங்களுக்குத் தெரியுமெண்டால் நாங்கள் ஏன் இதுக்குள்ள கிடந்து அவியிறம்? கழட்டுங்கோ!”

கழற்றினேன். செட்டைக்கு மேலே, குழிக்குள், இன்னொரு போல்ட். அதை எடுத்ததும் கால் தானாக இறங்கியது. நானா என் முதுகில் ஓங்கி அடித்தார். கிறீஸ் கை.

வீடியோக்காரர் பேசியது என்ன மொழி என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் பிந்தினால் தங்கச்சி அவரை நிறுத்தி வைப்பாள்.

“பாவம், தூக்கின கையோட நிக்கிறார். கெதியாப் பூட்டுங்கோ” என்பாள் மனைவி.

சில்லைப் பூட்டி, காலைத் திரும்ப மாட்டி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கிக் கயிற்றை இழுத்தேன். பிடித்தது. சில்லு இழுத்த தண்ணீர் இஞ்சினின் பக்கத்து ஓட்டையால் பீய்ச்சி அடித்து நேரே போர்வையில் விழுந்தது.

“ஐயோ, என்ர கொம்பியூட்டர்!”

தங்கச்சி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். போர்வை தலையில் கிடக்க, வழி தெரியாமல் மனைவியும் ஓடினாள். அந்த வருடங்களில் நான் அப்படிச் சிரித்தது வேறு நினைவில் இல்லை.

கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தேநீர் குடித்தோம். நானா போர்வைக்குள் தலையை விட்டு, திரையைப் பார்த்து, “நீங்களும் குடிச்சிட்டுப் போங்க” என்றார். வீடியோவின் முடிவில் அந்த மனிதர் விடைபெற்றுக் கை காட்டினார். நாங்களும் காட்டினோம்.

அடுத்த நாள் கடலுக்குப் போனோம்.

அவர் எந்த நாட்டுக்காரர் என்று இன்றும் தெரியாது. எங்களை அவருக்கும் தெரியாது. ஆனால் அன்று இஞ்சினைத் திருத்தியது எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அவரையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஐந்து பேர்.