மேலாகவே முங்கிய பென்குயின்

நானும் என் வீட்டுக்காரரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. நான் ஒரு ஓ.டி.யையும் விடமாட்டேன். அவரோ ஷிப்ட் முடிந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கும் அவர் ஓ.டி.க்கு வராவிட்டால் மணிமங்கலத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மனுஷன் டிவியில் பென்குயின் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யோவ், பஸ் போவுதுய்யா!”

“இத்த பாரு. இதுங்க முதுகுல மிஷின் மாட்டி குளிர்காலம் பூரா பாத்துக்கீறாங்க. ஒண்ணு ஆழத்துக்கு முங்கி மீன் புடிக்குது. இன்னொண்ணு மேலாலயே புடிக்குது. ரெண்டும் ஒரே கூட்டந்தான்.”

“மேலால சுத்துறது பட்டினி கெடக்கும்.”

“இல்லியே, அதுவும் நல்லாத்தான் கீது.”

“சோம்பேறிக்கு நல்ல சாக்கு!” என்று கத்தினேன். பஸ் போய்விட்டது. அந்தப் பென்குயின் எப்போது சாகும் என்று பார்க்கவே உட்கார்ந்தேன். சாகவில்லை. கடைசிவரை கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஏன் அப்படி என்று டிவியிலும் சொல்லவில்லை.

நான் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு ஓ.டி.க்குத் தனியாகக் கம்பெனி பஸ் ஏறினேன். அவரைப் புரிந்துகொண்டேனா, ஏமாந்தேனா, இன்றுவரை தெரியவில்லை. ஓ.டி. ஓ.டி. என்று அவ்வளவு ஆழம் போகச் சொல்லி என்னையும் யாரும் விரட்டவில்லையே.