கடலில் மலைப்பக்கம்

படகின் இடது விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. கணுக்கால் அளவு கடல் உள்ளே வந்திருந்தது. பன்னிரண்டு பேரும் அந்தப் பக்கமே சாய்ந்து, சட்டத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்கள். சாயச் சொன்னவன் நான்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை பிடித்தேன். வத்தலக்குண்டில் மூட்டை தூக்கினேன். எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. கொடைக்கானல் மலையில் கவுஞ்சி ஊரில் ஜீப் கிளீனர் வேலை மட்டும்தான் ஆறு வருடமாக ஓடுகிறது. காட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போய், திரும்பும்போது கேரட், பூண்டு மூட்டைகளோடு அவர்களைக் கொண்டுவருவதுதான் சோலி.

அந்தப் பாதையில் மழை அரித்த வளைவுகள் உண்டு. பள்ளத்துப் பக்கச் சக்கரம் இறங்கினால் வண்டி சாயும். பின்னால் தொங்கிக்கொண்டு வரும் கிளீனர் "மலைப்பக்கம்" என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே உள்ளே இருக்கிற எல்லோரும் மலைப்பக்கம் சாய்வார்கள். பேச்சு நிற்காது, வெற்றிலை மெல்லுவது நிற்காது, உடம்பு மட்டும் சாயும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பூண்டு எடுத்து முடிந்ததும் அதே ஆட்கள் வேன் பிடித்து ராமேஸ்வரம் கிளம்பினார்கள். ஊர் சுற்றியவன் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். வழியில் ஒரு கடற்கரையில் ஓங்கில் காட்ட படகு விட்டார்கள். டால்பினுக்கு அங்கே அந்தப் பெயர். வேலையாட்களுக்கு மேஸ்திரியான பேச்சியக்கா, "மீனு சட்டியில துள்ளுனாப் பத்தாதாலே, கடலுக்கு வேற போவணுமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

படகோட்டி அந்தோணி எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

கடலுக்குள் இருந்த ஒரு சின்னத் தீவைச் சுற்றித் திரும்பியதும் காற்று மாறியது. இடது பக்கம் ஒரு பெரிய அலை எழுந்து படகைத் தூக்கியது. படகு வலது பக்கம் சரிந்தது. என் வாய் என்னைக் கேட்கவில்லை. "மலைப்பக்கம்" என்று கத்திவிட்டேன். மேடாக நின்ற தண்ணீர்தான் அப்போது எங்களுக்கு மலை. எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அலை அடியில் கடந்து போனது. படகு இடது பக்கம் சரிந்தபோது பன்னிரண்டு பேர் பாரமும் அங்கேதான் இருந்தது.

"நடுவுக்கு வாங்க, எந்திரிக்காம வாங்க" என்று அந்தோணி கத்தினார். ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அலை வருவது தெரிந்தது. சாய்ந்தவர்களை நடுவுக்கு அழைக்க ஜீப்பில் எங்களுக்குக் குரலே கிடையாது.

"மூட்டை" என்றேன். "எல்லாரும் மூட்டையாட்டம் நடுவுல கீழ கெடங்க."

பொத்தென்று கீழே இறங்கினார்கள். விளிம்பு மேலே வந்தது. அந்தோணி படகின் முகத்தை அலைக்குத் திருப்பினார். வெட்டிய கேன்களால் தண்ணீரை இறைத்தோம்.

யார் சாயச் சொன்னது என்று அந்தோணி பிறகு கேட்டார். ஜீப் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"ஜீப்பு சாஞ்சா தானா நிமிராது தம்பி. படகு நிமிரும். நீங்க நிமிர விட்டாப் போதும்" என்றார்.

அதன் பிறகுதான் மூன்று ஓங்கில்கள் பக்கத்திலேயே முதுகு காட்டின. ஒருவரும் எழவில்லை. பேச்சியக்கா மட்டும் கண் அளவுக்குத் தலையைத் தூக்கி, "பாத்தாச்சு, வெரசா கரைக்கு விடுங்க" என்றார்.

மறுவாரம் காட்டுப் பாதையில், வழக்கமான வளைவில் சக்கரம் இறங்கியது. குரல் கொடுத்தேன். ஒருவரும் சாயவில்லை. கல் உருண்டு பள்ளத்தில் விழும் சத்தம் கேட்டது. பேச்சியக்கா தார்ப்பாயை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தார்.

"இருக்கு, மலை இருக்கு" என்றார். அதன் பிறகே எல்லோரும் சாய்ந்தார்கள்.

குரல் கொடுக்கிற வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஏறிய வண்டி எது என்று முதலில் பாருங்கள். ஒரு தடவை நான் பார்க்காமல் விட்டேன். இன்றைக்கும் நான் குரல் கொடுத்தால் பேச்சியக்கா எட்டிப் பார்த்த பிறகுதான் சாய்கிறார்கள்.