ஒரே டோக்கன்

பாலக்கரையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் வீட்டுக்காரரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். குடி இல்லை, சீட்டு இல்லை. போன் ஒன்றுதான். மலைக்கோட்டை அடிவாரத்தில் எங்கள் ஜவுளிக்கடை. வாடிக்கையாளர் விரித்த புடவையோடு விலை கேட்டு நிற்பார். இவர் குட்டிக் குட்டி வீடியோக்களில் முங்கிக் கிடப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார்.

"நான் என்ன பைத்தியமா? வா, ஸ்ரீரங்கம் போவோம். கோயிலுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்கல்ல? பெருமாளப் பார்த்துட்டு வர்ற வரைக்கும் நிம்மதியா இருந்து காட்டுறேன். முடியலன்னா நீ சொல்ற டாக்டர்கிட்ட வரேன்."

எனக்கு அந்த வார்த்தை போதும். கோயில் வாசலில் போன் வாங்கி வைக்கும் கவுன்ட்டரில் இரண்டு போன்களையும் சேர்த்தே கொடுத்தோம். ஒரே டோக்கன். அவர் தொலைத்துவிடுவார் என்று நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வரிசை நகரவே இல்லை. அவர் கை சட்டைப்பையைத் தடவியது, காலி என்று தெரிந்து இறங்கியது, மறுபடியும் ஏறியது. கழுத்தெல்லாம் வியர்வை. பாவம், ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன். தோற்றால்தானே டாக்டரிடம் வருவார் என்றும் நினைத்தேன். இப்படி இரண்டு மனசோடு சாமி கும்பிட வந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

சந்நிதிக்குக் கிட்டத்தில் வந்ததும், "கடைலேர்ந்து யாராவது கூப்பிட்டிருப்பாங்க, பார்த்துட்டு வந்துடறேன்" என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு திரும்பி ஓடினார். கடைக்கு அன்று லீவு.

பெருமாள் முன்னால் எனக்கு வேண்டுதல் எதுவும் வரவில்லை, கோபம்தான் வந்தது. நகரச் சொன்னார்கள். முந்தானையை இழுத்துச் செருகியபோது முடிச்சு விரலில் பட்டது. டோக்கன் என்னிடம் அல்லவா இருக்கிறது!

அவசரமாக வெளியே வந்தேன். கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். பெற்ற அப்பா செத்தபோதுகூட அழாத மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் டோக்கனை நீட்டினேன்.

"நீங்க யாரும்மா?" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"இவரு சம்சாரம்."

அவள் அவரையே பார்த்தாள். "ஏன் சார், உங்க சம்சாரம் உள்ள மயங்கி விழுந்துட்டாங்க, பேச்சு மூச்சு இல்லன்னு சொன்னீங்களே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. போன்கள் வெளியே வந்தன. அவர் கை தன் போனிடம் போனது, பாதியிலேயே நின்றது.

"நீயே வச்சுக்க," என்றார். "டாக்டர்கிட்ட இப்பவே கூட்டிட்டுப் போயிடு. வீட்டுக்குப் போனா நான் வரமாட்டேன்."