அட்டையில் ஒரே பெயர்

லவோன் குபிசெக்குக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். போன ஆகஸ்டில் வந்த கோபத்தில் நாலு போர்வைக்கான மேல்துணி தைத்துத் தள்ளிவிட்டாள்.

கோபம் நியாயமானதுதான். அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் அவர்கள் வட்டாரக் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கிய போர்வை அவளுடையது. ஆயிரத்துச் சொச்சம் துண்டுத்துணிகளை வெட்டி, முனைக்கு முனை பொருத்தி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒட்டுப்போட்டவள் அவள். ஆனால் மேல்துணி மட்டும் போர்வையாகிவிடுமா? நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துப் பூவேலையாகத் தைத்து முடிக்க வேண்டும். அதற்கான லாங்-ஆர்ம் என்ற பெரிய தையல் மெஷின் ஊரிலேயே ஒருத்தியிடம்தான் இருந்தது: லவோனின் நாத்தனார் ஆர்லிஸ். கண்காட்சி விதிப்படி போர்வையில் மாட்டும் அட்டையில் இரண்டு பெயரும் வரும். ஒட்டுப்போட்டவர் லவோன், தைத்து முடித்தவர் ஆர்லிஸ். இருபது வருஷமாக அப்படித்தான். பார்க்கிறவர்கள் பூவேலையைத்தான் பார்ப்பார்கள், 'ஆர்லிஸ் போர்வை அபாரம்' என்பார்கள். போன வருஷம் பத்திரிகைக்காரன் ஒருபடி மேலே போய் ஆர்லிஸ் படத்தை மட்டும் போட்டுவிட்டான்.

"அடுத்த வருஷம் அட்டையில ஒரே பேருதான் இருக்கும்," என்றாள் லவோன்.

"எங்க அக்காவை விட்டா வேற யாரு தைப்பா?" என்றார் கணவர் மைலோ.

"நான் தைப்பேன்."

மனுஷன் சிரித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவருக்குப் பிடித்த கொலாச்சே இனிப்பு ரொட்டி கிடையாது.

நாற்பது மைல் தள்ளி ரோலி என்பவரின் துணிக்கடையில் அந்த மெஷினை வாடகைக்கு விடுவார்கள். பாடம் கேட்டால்தான் தொட விடுவார் ரோலி. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் லவோன், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் யாரிடமும் மூச்சுவிடாமல் அங்கே போய் நின்றாள். வீட்டு மெஷினில் துணி ஓடும், மெஷின் நிற்கும். இதில் பன்னிரண்டு அடிச் சட்டத்தில் துணி விறைப்பாக நிற்க, மெஷின் தண்டவாளத்தில் ஓடுகிறது! ஓட்டுகிறவளும் கூடவே ஓட வேண்டும்.

"லவோன், இது பஸ் இல்லை. ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடிக்காதீங்க," என்றார் ரோலி.

வட்டம் போடச் சொன்னால் உருளைக்கிழங்கு வந்தது. இலை போடச் சொன்னால் அதுவும் உருளைக்கிழங்குதான். மூன்றாவது வாரம் ரோலி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கையால ஓட்டாதீங்க, இடுப்பால ஓட்டுங்க. போல்கா ஆடத் தெரியுமா?"

நல்ல கேள்வி கேட்டார் போங்கள்! அந்தப் பக்கத்துச் செக் நாட்டு வம்சாவளிக் குடும்பங்களில் பிள்ளைகள் நடக்கும் முன்பே போல்கா நடனம் ஆடும். லவோன் மெட்டை முணுமுணுத்தபடி கால் மாற்றினாள். மெஷின் வழுக்கிக்கொண்டு கூட வந்தது. சுழி, சுழி, திருப்பம். உருளைக்கிழங்கைக் காணோம்! அவள் போட்ட கூச்சலில் துணி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வந்தது கண்காட்சிக்குப் பதியும் நாள். மாலை ஆறு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். நண்பகலில் இரண்டே வரிசை பாக்கி. லவோனுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. ஆடிக்கொண்டே குனிந்தவள், தொளதொளச் சட்டையின் ஓரத்தையும் போர்வையோடு சேர்த்து ஒரு சாண் நீளத்துக்குத் தைத்துவிட்டாள். போக வர இரண்டு தையல் வேறு. ரோலியோ சாப்பிடப் போயிருந்தார். வாசல் மணி அடித்தது.

"ரோலி, ஓடி வாங்க! மாட்டிக்கிட்டேன்!"

வந்தது ரோலி இல்லை. ஊசி வாங்க வந்த ஆர்லிஸ். மெஷினைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

"ஏன்டி, போர்வையைத் தைக்கிறியா, உன்னைத் தைக்கிறியா?"

சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லவோனுக்குக் காதெல்லாம் சுட்டது.

"சிரிச்சு முடிச்சிட்டு அவுத்து விடு."

ஆர்லிஸ் தையல் பிரிக்கும் முள்ளை எடுத்து ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தாள். முக்கால் மணி நேரம் போனது. விடுபட்ட லவோன் கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஓரம் வேறு மடித்துத் தைக்க வேண்டும்.

"என்னால ஆகாது, ஆர்லிஸ். நீயே முடிச்சிடு."

ஆர்லிஸ் கைப்பிடியில் கை வைத்தாள். பிறகு சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள்.

"ஒரு தையல் நான் போட்டாலும் என் பேரும் வந்துடும். அதுக்காகவா இத்தனை நாள் ஒளிஞ்சு ஒளிஞ்சு இங்க வந்தே? அந்தப் பத்திரிகைப் படம் எனக்கே வெக்கமாத்தான் இருந்துச்சு. வந்து சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல. பிரிச்சது நான். தைக்கிறது நீ."

சொல்லிவிட்டு நாற்காலியில் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தாள்.

"அங்க கோணுதுடி... சரி, நான் பேசல."

லவோன் தைத்தாள். கோணியது, நிமிர்ந்தது, முடிந்தது. ஓரமும் மடித்தாயிற்று. இருவரும் ஒரே வண்டியில் பறந்து கண்காட்சித் திடலுக்குள் நுழைந்தபோது ஆறாகப் பத்து நிமிஷம்.

பதிவு மேஜையில் இருந்த கெண்ட்ரா இருவரையும் பார்த்ததும் எதுவும் கேட்காமலே அட்டையை எடுத்தாள். ஒட்டுப்போட்டவர் லவோன் என்று எழுதி, தைத்து முடித்தவர் என்ற இடத்தில் ஆர்லிஸ் என்று ஆரம்பித்தாள்.

ஆர்லிஸ் மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

"ஏய், எழுதாதே! இவ்வளவு கோணலா நான் தைப்பேனா? என் மானமே போயிடும். கிழிச்சுப் போட்டுட்டு வேற அட்டை எடு."

"அப்ப இதை யாரு தைச்சது?" என்று விழித்தாள் கெண்ட்ரா.

லவோனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கெண்ட்ரா மூன்று வீடு தள்ளிப் பிறந்து வளர்ந்த பெண், அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாததா? இருந்தும் லவோன் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். கெண்ட்ரா எழுதி முடித்த பிறகு இன்னொரு முறையும் சொன்னாள்.