திகதி வேண்டாமென்ற படக்காரர்

இனவாரியாகப் பிரிந்துபோன எங்கள் திருகோணமலையில் பழைய நட்புகள் என்னவாயின என்று ஆவணப்படம் எடுக்க ஒருவர் வந்தார். மெலிந்த ஆள், கழுத்தில் எப்போதும் ஈரத்துவாய். எதைச் செய்து காட்டினாலும் "இன்னொருக்கா" என்பார்.

ஐந்தாம் வகுப்புவரை நானும் நசீரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். பிறகு அவனுக்கு முஸ்லிம் பாடசாலை, எனக்குத் தமிழ்ப் பாடசாலை. அவனைக் கடலுக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து வரவழைத்து, துறைமுக மதிலோரம் எங்களை ஐந்து தரம் கட்டிப்பிடிக்க வைத்தார் படக்காரர்.

"இதென்ன, கலியாண ஊட்டுப் படமா?" என்று நசீர் முணுமுணுத்தான்.

கதிரைகளில் இருத்தியதும், அவன் பாடசாலை மாறிய திகதியைச் சொல்லத் தொடங்கினேன்.

"ஐயா, திகதி வேண்டாம். மனசில இருக்கிறதைச் சொல்லுங்கோ."

"என்ர மனசில இருக்கிறதே திகதிதான், தம்பி."

அவர் பெருமூச்சு விட்டார். நான் விடவில்லை, கிண்ணியாப் பாலம் திறந்த திகதியையும் சொன்னேன்.

நசீர் என் பக்கம் திரும்பினான். "பாலம் திறந்த நாளைச் சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்காய். அதுக்குப் பொறகு என்ட ஊட்டுக்கு ஒருநாளாவது வந்தியா?"

அரை மணித்தியால பஸ் பயணம். நான் போனதேயில்லை.

காலையிலிருந்து படக்காரர் தேடியது இதைத்தானே? ஆனால் அவர் கமராவை நிறுத்தி, "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழும்பிப் போய்விட்டார்.

அது இரக்கமா, சலிப்பா என்று இன்றுவரை விளங்கவில்லை. கமரா ஓடியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நசீரின் முகத்துக்கு முன்னால் என்னைத் தனியே விட்டுப் போன அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.